பாடினவனுக்கு அரைப் பேர்கூட இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை உள்ளவர்கள் கடைசி வரை வாசியுங்கள், இல்லாதவர்கள் வழக்கம்போல தலைப்பைப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

நாலு பையன்கள் பாடுகிற அந்த வீடியோவை இந்நேரம் நம்ம பக்கத்தில் பார்க்காதவர் இருக்கமாட்டார். ஸ்டோருக்குப் போகிற பாதையில் மதகுக் கட்டில் குந்திக்கொண்டு பாடுகிறார்கள். கையில் ஒரு வாத்தியமும் கிடையாது. ஒருவன் வாயாலேயே தப்பு அடிக்கிறான். ஒருவன் உறுமி மாதிரி தொண்டைக்குள்ளே இழுக்கிறான். ஒருவன் பாட்டை எடுக்கிறான், நாலாமவன் அதற்கு மேலே இன்னொரு குரலை மெல்லிசாக வைத்துக்கொண்டே போகிறான். பாட்டு அவர்களில் ஒருவனின் அப்பாயி கொழுந்து மலையில் பாடியது. அதை நாலு குரலுக்குப் பிரித்தவர்கள் இவர்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்தோம் என்று சிலர் நினைத்துக்கொண்டு எங்களுக்கு வாழ்த்துச் சொன்னீர்கள், அந்த வாழ்த்தைத் திருப்பித் தருகிறோம். நாங்கள் என்று எழுதுவது இந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற எங்கள் ஆறு பேரையும் சேர்த்து.

வீடியோவை எடுத்தவர் வெளியூர்க்காரர். போட்டது அவருடைய பக்கத்தில். மேலே அவருடைய பெயர், கீழே அவருடைய பெயர், நடுவில் அவருடைய அடையாளச் சின்னம். தலைப்பு "தோட்டத்துப் பையன்களின் திறமை". பையன்களின் பெயர் இல்லை. அப்பாயியின் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயர்கூட இல்லை. நாங்களும் அதைப் பார்த்த உடனே இதயம் போட்டோம், பகிர்ந்தோம், மாஷா அல்லாஹ் எழுதினோம். அதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். அடுத்த நாள் பிரேயர் முடிந்து போகும்போது அவர்களில் ஒருவன் கேட்டான், "சேர், எங்கட பேர் எங்க சேர்?" அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அவரிடம் பெயர்களைப் போடச் சொல்லிக் கேட்டோம். "பிள்ளைகள் பிரபலமாகிட்டாங்களே சேர், இன்னும் என்ன?" என்று பதில் வந்தது. அதை இங்கே எழுதியதும் நம்மவர்களிலேயே இரண்டு தரப்பு கிளம்பிவிட்டது. ஒரு தரப்பு, பாட்டுக்கு எதற்குப் பெயர், கேட்டோமா ரசித்தோமா என்று விடுங்கள் என்கிறது. மற்றத் தரப்பு, முஸ்லிம் ஆசிரியர்களுக்குப் பாட்டில் என்ன வேலை என்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் தரப்புக்கு ஒரு பழைய கதை. பையன்கள் பாடியதைக் கேட்டபோது எங்களில் ஒருவருக்கு நினைவு வந்தது அமெரிக்காவின் கறுப்பினப் பையன்கள். 1940களிலும் 50களிலும் நியூயோர்க், பால்டிமோர், சிக்காகோ நகரங்களின் தெருமுனைகளில் நாலைந்து பேராகச் சேர்ந்து பாடினார்கள். வாத்தியம் வாங்கக் காசில்லை. அதனால் ஒருவன் அடித்தொண்டையால் பேஸ் வாத்தியமாக ஆனான், இரண்டு பேர் பின்னால் ஊ ஆ என்று சுருதி பிடித்தார்கள், ஒருவன் முன்னால் நின்று பாடினான். அவர்களுக்கு முன்னோடி 1930களில் வாயாலேயே ட்ரம்பெட் ஊதிக் காட்டிய மில்ஸ் பிரதர்ஸ். அந்தக் காலத்தில் கறுப்பர்களின் இசைத்தட்டுகளுக்கு வியாபாரிகள் வைத்திருந்த பெயர் "இன இசைத்தட்டு". 1949இல்தான் பில்போர்ட் சஞ்சிகை அதை மாற்றி ரிதம் அண்ட் புளூஸ் என்று போட்டது. ரேவன்ஸ், ஓரியோல்ஸ் என்று பறவைப் பெயர் வைத்த குழுக்கள் முதலில் எழுந்தன. பால்டிமோரின் ஓரியோல்ஸ் 1948இல் பாடிய முதல் இசைத்தட்டே நாடு முழுக்க ஓடியது.

இதில் நமக்கு வேண்டியது அவர்கள் எப்படிப் பாடினார்கள் என்பதல்ல. பாடிய பிறகு என்ன நடந்தது என்பது.

1954இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதிப் பையன்கள், கோர்ட்ஸ் என்ற குழு, "ஷ-பூம்" என்ற பாட்டைத் தாங்களே கட்டிப் பாடினார்கள். பாட்டு ஏறத் தொடங்கியது. உடனே கனடாவின் க்ரூ கட்ஸ் என்ற வெள்ளைக்காரக் குழு அதே பாட்டைப் பாடி வெளியிட்டது. முதலிடத்துக்குப் போனது அவர்களுடையது. ரேடியோக்களில் பலவும் வெள்ளைக் குரலைத்தான் போட்டன. இதில் சட்டப்படி களவு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். சட்டப்படி களவில்லாத களவுகள்தான் அதிகம்.

டிரிஃப்டர்ஸ் கதை இன்னும் மோசம். குழுவின் பெயர் பாடியவர்களுக்குச் சொந்தமில்லை, மனேஜருக்குச் சொந்தம். பாடியவர்களுக்கு வாரச் சம்பளம். 1958இல் மனேஜர் ஜோர்ஜ் ட்ரெட்வெல் ஒரே நாளில் அத்தனை பேரையும் வேலையால் நிறுத்திவிட்டு, ஃபைவ் கிரவுன்ஸ் என்ற வேறொரு குழுவைக் கூட்டிவந்து, இன்றிலிருந்து நீங்கள்தான் டிரிஃப்டர்ஸ் என்றார். துரை மாறினால் லயம் மாறாது. இங்கே லயத்தில் இருந்தவர்களையே மாற்றிவிட்டு வாசலில் பழைய பலகையைத் தொங்கவிட்டார்கள். புதிதாக வந்தவர்களில் ஒருவர் பென் ஈ. கிங், அவரை உலகத்துக்குத் தெரியும். வெளியே போனவர்களை யாருக்குத் தெரியும்?

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அதில் வருபவர்கள் எங்கள் பிள்ளைகளின் வயது. 1956இல் பிராங்கி லைமனும் டீனேஜர்ஸும் பாடிய பாட்டு உலகம் முழுக்க ஓடியபோது லைமனுக்கு 13 வயது. பாட்டைக் கட்டியவர்கள் என்ற இடத்தில் தயாரிப்பாளர் ஜோர்ஜ் கோல்ட்னரின் பெயர் ஏறியது. அவர் கம்பனியை விற்றதும் அந்த இடத்துக்கு மொரிஸ் லெவி என்ற முதலாளியின் பெயர் வந்தது. அவர் பாட்டுக் கட்டுகிறவரே இல்லை. லைமன் 1968இல், 25 வயதில், போதைப் பழக்கத்தால் இறந்துபோனார். குழுவின் மற்ற இருவர், ஹெர்மன் சன்டியாகோவும் ஜிம்மி மேர்ச்சன்டும், பாட்டு எங்களுடையது என்று பல வருடம் கழித்து நீதிமன்றம் போனார்கள். 1992இல் ஜூரி அவர்கள் பக்கம் சொன்னது. 1996இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டியது. காரணம் அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல, பிந்தி வந்தார்கள் என்பது. மூன்று வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டுமாம்.

இப்போது சொல்லுங்கள், பாட்டுக்கு எதற்குப் பெயர் என்று. பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் அந்தத் தீர்ப்புத்தான் பதில்.

"அது அமெரிக்கா, அங்கே பாட்டுக்குக் கோடிக்கணக்கில் காசு, நம்ம மதகுக் கட்டுக்கும் அதற்கும் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சரி, காசில்லாத ஊரைப் பார்ப்போம். தென்னாபிரிக்காவில் சொலமன் லிண்டா என்ற சூலுக்காரர், தன்னுடைய ஈவினிங் பேர்ட்ஸ் குழுவோடு 1939இல் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். சிங்கத்தைப் பற்றிய பாட்டு. இன்றைக்கு உலகத்தில் அதை முணுமுணுக்காத பிள்ளை இல்லை, அமெரிக்கக் குழுக்கள் பாடி, கடைசியில் கார்ட்டூன் படம் வரைக்கும் போனது. லிண்டா அதன் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்தார். 1962இல் ஏழையாகவே இறந்தார். பிள்ளைகளுக்கு ஒரு தீர்வு கிடைத்தது 2006இல். காசில்லாத இடத்தில் பாடின பாட்டு காசில்லாத இடத்திலேயே நிற்கும் என்று யார் சொன்னது? அந்த வெளியூர்க்காரரின் பக்கத்தில் விளம்பரம் ஓடுகிறதா இல்லையா, நீங்களே போய்ப் பாருங்கள்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். நம்ம இரத்தினபுரியும் பாட்டுக் குழுவுக்குப் பேர் போன ஊர். மூன்ஸ்டோன்ஸ் இங்கேதான் 1960களின் நடுவில் தொடங்கியது. அன்னஸ்லி மாலவன, கிளரன்ஸ் விஜேவர்தன. கல்லு ஊரில் பிறந்த குழுவுக்குப் பெயரும் கல்லின் பெயர்தான், சந்திரகாந்தம். கித்தாரும் சேர்ந்திசையுமாக அவர்கள் சிங்களப் பாட்டின் போக்கையே மாற்றினார்கள். "மேங்கோ நந்தா" தெரியாத ஆள் இந்த மாவட்டத்தில் உண்டா? எங்கள் ஆசிரியர் சுற்றுலா பஸ் பெல்மதுளை தாண்டுவதற்கு முன்னாலேயே அது தொடங்கிவிடும், தாளம் போட சீட்டின் முதுகு. அவர்களை ரேடியோ சிலோனில் உலகத்துக்குக் காட்டியவர் அறிவிப்பாளர் விஜய கொரயா. அவர் செய்தது என்ன? பாட்டைப் போட்டார், பெயரைச் சொன்னார். பிறகு வந்து சேர்ந்த இந்திராணி பெரேராவின் பெயரையும் நாடு தெரிந்துகொண்டது. கிளரன்ஸ் 1996இல் காலமானார். ஆனால் அவர் கட்டிய பாட்டை இன்னொருவர் தன்னுடையது என்று இந்த நாட்டில் சொல்ல முடியாது. அவர்கள் மீது எங்களுக்கு ஒரு பொறாமையும் இல்லை, பெருமைதான். ஒரு குழுவுக்குப் பெயர் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்ம ஊரிலேயே உள்ள சாட்சி அது. தமிழில் பொப் பாட்டுப் பாடிய நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் அப்படித்தான். சுராங்கனி கடல் தாண்டிப் போய்ச் சினிமாவுக்குள் நுழைந்த பிறகும், அது மனோகரன் பாடியது என்று சொல்ல நமக்கு ஒரு பெயர் இருந்தது.

ஆனால் அதே காலம், அதே மாவட்டம், மேலே மலையில் என்ன நடந்தது? 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். மூன்ஸ்டோன்ஸ் ரேடியோவில் ஏறிய காலத்தில்தான் மலையில் இருந்தவர்களை எண்ணிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். காமன் கூத்து என்றால் ஒரு ஆளின் பாட்டு அல்ல. ரதி, மன்மதன், தப்புக்காரர்கள், பின்பாட்டுக்காரர்கள் எல்லோரும் வருடக்கணக்கில் ஒருவர் குரலுக்கு ஒருவர் பழகியவர்கள். எங்கள் பிள்ளைகளின் தாத்தா ஒருவர் சொன்னார், அவர்கள் தோட்டத்தில் ஒரு வருடம் ரதி கட்டுகிறவருக்குத் தலைமன்னார் கப்பலுக்கு நாள் வந்துவிட்டது, மன்மதன் இங்கே, அந்த வருடம் கூத்து நிற்கவில்லை, ஆனால் பாட்டில் பாதி போய்விட்டது. பிறகு 77, 83. நெருப்புக்குப் பயந்து வவுனியாப் பக்கம் போனவர்களோடு இன்னும் கொஞ்சம் போனது. டிரிஃப்டர்ஸைக் கலைத்தது ஒரு மனேஜர். இங்கே குழுக்களைக் கலைத்தது இரண்டு அரசாங்கம். போனவர்களின் பெயரைக் கேட்டால் அந்தத் தாத்தாவுக்கே இரண்டுதான் நினைவிருக்கிறது.

பெயர் எழுதப்பட்ட இடத்தில் மட்டும் நிற்கிறது. தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை தோட்டம் தோட்டமாகப் போய்க் கூட்டங்களில் பாடினார். தொழிலாளிக்குப் பத்திரிகை வாசிக்கத் தெரியாது, பாட்டு விளங்கும் என்று தெரிந்த பெண். அந்தப் பாட்டுகளை 1940இல் புத்தகமாக அச்சிட்டார். அதனால்தான் இன்றைக்கு அவர் பெயரைச் சொல்கிறோம். அவர் பாட, கூடச் சேர்ந்து பாடிய பெண்களும் இருந்திருப்பார்கள்தானே. அவர்களுக்கு "வாய்மொழி" என்று ஒரு பொதுப்பெயர்.

தோட்டத்தில் வாழாத நம்மவர்களுக்கு ஒன்றைச் சொல்லவேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் சம்பளம். நிறுவைக்குக் கொழுந்து சரியாக இருந்தால் பேர் போடுவார்கள். குறைந்தால் அரைப் பேர். காலையிலிருந்து மலையில் நின்று அட்டைக்கடி வாங்கின பிறகு அரைப் பேரோடு திரும்புகிற தாய்மாரின் பிள்ளைகள்தான் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். பேர் என்ற சொல்லுக்கு என்ன கனம் என்று அந்தப் பையனுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். "எங்கட பேர் எங்க சேர்" என்று அவன் கேட்டது புகழுக்கு அல்ல. செக்ரோலில் தன் நாள் விழுந்திருக்கிறதா என்று கேட்கிற கேள்வி அது.

இப்போது இரண்டாம் தரப்புக்கு. பாட்டு ஹலாலா ஹராமா என்று பத்வா கொடுக்க நாங்கள் உலமாக்கள் அல்ல, அந்த விவாதத்துக்கு இந்தப் பதிவில் இடமும் இல்லை. ஆனால் நம்ம சமூகத்துக்குப் பாட்டே தெரியாது என்பது போலப் பேசாதீர்கள். பலாங்கொடைக்கு மேலே தப்தர் ஜெய்லானிக்குக் கந்தூரிக்குப் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? அங்கே றபான் அடித்துக்கொண்டு வட்டமாக நின்று ஒரே குரலில் பாடுகிற பக்கீர் பாவாமார் என்ன, வேறு சமூகமா? வெசாக் காலத்தில் இரத்தினபுரிச் சந்தியில் ஒலிக்கிற புத்த பக்திப் பாட்டுகளில் பாதிக்குக் குரல் முகைதீன் பேக், சேலத்தில் பிறந்து இங்கே வந்த முஸ்லிம். அவரைச் சொன்னால் மட்டும் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்துகிறோம்.

ஒரு கேள்வி கேட்கிறோம். நோன்பு காலத்தில் சஹர் நேரம் றபான் அடித்துப் பாடி நம்மை எழுப்பிக்கொண்டு போன பாவாவின் பெயர் என்ன? வருடக்கணக்கில் எழுப்பினார். பெருநாளைக்கு வந்து நின்றால் கையில் கொஞ்சம் காசு கொடுத்தோம். பெயர் கேட்டோமா? எங்கள் ஆறு பேரில் முஸ்லிம்கள் மூன்று பேர், மூவருக்கும் தெரியாது. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

இது எந்தச் சமூகத்துக்கு நடந்தது? ஒரு சொல்லை யார் யாரிடமிருந்து கேட்டார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று ஒவ்வொரு பெயராக விசாரித்து, வரிசையில் ஒரு பெயர் விடுபட்டால் அந்த அறிவிப்பையே பலவீனம் என்று ஒதுக்கிய சமூகத்துக்கு. அறிவிப்பாளர் வரிசை என்ற கலையை இவ்வளவு நுணுக்கமாக வளர்த்தவர்களின் பிள்ளைகள் நாம், ஒரு கிழவியின் பாட்டை நாலு பையன்கள் பாடினால் "யாரோ பாடினது" என்று பகிர்ந்துவிட்டுப் போகிறோம். தொழிலாளியின் கூலியைப் பற்றி மார்க்கம் சொன்னதை பயான் செய்யாத பள்ளிவாசல் இல்லை. பாட்டு ஹராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவனின் உழைப்பில் சம்பாதிப்பது எப்போது ஹலால் ஆனது?

நியாயமான ஆட்சேபம் ஒன்றும் வந்தது, அதைத் தட்டிக்கழிக்க மாட்டோம். சின்னப் பிள்ளைகளின் பெயரை இணையத்தில் போடுவது பாதுகாப்பா என்று ஒரு தாய் கேட்டிருந்தார். சரியான கேள்வி. பெற்றோரிடம் கேட்காமல் போடக்கூடாது. ஆனால் முகத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டும்போது யாரும் பெற்றோரிடம் கேட்கவில்லையே. பெயர் என்றதும்தான் பாதுகாப்பு நினைவுக்கு வருகிறதா? பெயர் போட அனுமதி இல்லையென்றால் முகத்தைப் போடவும் அனுமதி இல்லை. பெயரைப் போட்டால் பக்கத்தில் வருகிற வருமானத்தில் பங்கும் பேசவேண்டிவரும் என்ற பயம்தான் இதில் பெரிய பயம் என்று நாங்கள் நினைக்கிறோம். அப்படியில்லை என்றால் அவர் நிரூபிக்கட்டும், நாங்கள் மன்னிப்புக் கேட்கிறோம்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு எங்களை விட்டுவிட முடியாது. போன கலைவிழா அழைப்பிதழை நேற்று எடுத்துப் பார்த்தோம். பிரதம அதிதியின் பெயர், பட்டம், பதவி, முன்னாள் பதவி. கௌரவ அதிதிகள். அனுசரணை கொடுத்த கடைகள். நெறிப்படுத்திய ஆசிரியர்கள், அதாவது நாங்கள். பிள்ளைகளுக்கு ஒரே வரி: "குழுப்பாடல், தரம் 9 மாணவர்கள்". அந்த 9இல் இதே நாலு பேரும் இருந்தார்கள். வெளியூர்க்காரர் செய்ததை நாங்கள் அவருக்கு முன்பே அச்சடித்துச் செய்திருக்கிறோம். அதிபரிடம் பேசிவிட்டோம். அடுத்த விழாவில் பாடுகிற, ஆடுகிற, தப்படிக்கிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் மேடையில் வாசிக்கப்படும். நேரம் போகும் என்றால் அதிதி உரை ஒன்றைக் குறைப்போம். யார் கோபித்தாலும் சரி.

இன்னொரு வேலையும் தொடங்கியிருக்கிறோம். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வைத்திருக்கிறோம். பிள்ளைகள் வீட்டில் கேட்ட பாட்டை எழுதிக்கொண்டு வந்தால், பாடியவர் பெயர், தோட்டம், டிவிஷன், யாரிடம் பழகினார் என்று பக்கத்தில் எழுதுகிறோம். இதுவரை பதினொரு பாட்டு. ஏழாவது அந்த அப்பாயியினுடையது. யாரிடம் பழகினீர்கள் என்று கேட்டதற்கு, பிள்ளைக் காம்பராவில் இருந்த ஒரு கிழவியின் பெயரைச் சொன்னார், அவர் இறந்து ஐம்பது வருடம் இருக்கும் என்றார். அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டோம். பக்கத்துத் தோட்டத்தில், பள்ளிவாசல் பக்கத்தில், கடைத் தெருவில் இப்படி யாரையாவது தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். போன் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம், முதலில் போய்ப் பெயரைக் கேளுங்கள். சஹர் பாவாவின் பெயர் தெரிந்தவர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.

பெயர் பெயர் என்று இவ்வளவு எழுதிவிட்டு இந்தப் பதிவிலும் நாலு பேரின் பெயர் இல்லையே என்று கேட்பீர்கள். மூன்று வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டார்கள். நாலாவது பையனின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். வெள்ளிக்கிழமைதான் அவர் கைக்குப் போன் வருமாம். மூன்று பெயரை மட்டும் போடலாமா என்று பையன்களிடம் கேட்டோம். வாயால் தப்பு அடிக்கிறவன்தான் பதில் சொன்னான்: "வேணாம் சேர், நாலும் சேர்ந்தே வரட்டும்."

வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள்.